சின்ன அறையில் எதுவும் வைக்கவில்லை

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் என் கையெழுத்தை மன்னித்துவிடு. வரிகள் மேடு ஏறி இறங்குகின்றன. சில எழுத்து குண்டாகவும் சில எழுத்து பட்டினி கிடந்த மாதிரியும் நிற்கின்றன. என்ன செய்வது, இது நானே எழுதுவது. பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி எழுதி வாங்கியது இல்லை. எழுபதை நெருங்கும் உன் தம்பி பேனா பிடித்துவிட்டான். இந்தப் பக்கத்தின் ஓரத்தில் என் கட்டைவிரல் மை பதிந்திருக்கும். பழைய ஞாபகத்தில் அதைக் கையொப்பம் என்று நினைத்துவிடாதே. அது கை தவறியது.

நான் சௌக்கியம். முழங்கால் மட்டும் மாடி ஏறும்போது கேள்வி கேட்கிறது. நீயும் மகனும் மருமகளும் சௌக்கியமா? போனில் பேசலாமே என்பாய். உனக்குக் காது மந்தம், எனக்கு அவசரம். இருவரும் ஒரே நேரத்தில் பேசிவிட்டு வைத்துவிடுகிறோம்.

தெருமுனை நூலகத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. டீச்சர் நல்ல மாதிரி. "தாத்தா, பேனாவ லாரிக் கயிறு மாதிரி இறுக்காதீங்க, அது ஓடிப் போகாது" என்பார். ‘ஞ’ எழுதுவது பீரோவை மாடிப்படித் திருப்பத்தில் திருப்புவது மாதிரி இருக்கிறது. ஆனால் திருப்பி முடித்ததும் ஒரு சந்தோஷம் வருகிறது பார், அதற்காகவே நாலைந்து தடவை எழுதுகிறேன்.

பழைய வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று சொன்னேன் அல்லவா? புது வீட்டுக்கு வந்துவிட்டேன். மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. நாற்பது வருடமாக மூன்றாம் மாடிக்காரர்களை மனதுக்குள் திட்டிக்கொண்டே அவர்கள் சாமானைச் சுமந்தவன் நான். இப்போது என் சாமானை என் கூட்டாளிகள் சுமந்தார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் வாய்விட்டே திட்டினார்கள். கேட்காத மாதிரி முன்னால் போனேன். நியாயமான திட்டு.

இறக்கி வைத்துவிட்டு அவர்கள் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது, எனக்கு வீடு வைக்கத் தெரியாது. "எங்கம்மா வைக்கணும்?" என்று கேட்போம். அந்த வீட்டு அம்மா விரல் நீட்டுவாள். அங்கே வைப்போம். அதோடு எங்கள் வேலை முடிந்தது. என் வீட்டில் விரல் நீட்டுகிறவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். எல்லாச் சாமானும் இறக்கிய வரிசையிலேயே முன்னறையின் நடுவில் நிற்கின்றன. பீரோவுக்கும் பாத்திர மூட்டைக்கும் இடையில் படுக்கிறேன். லாரியில் படுத்த மாதிரியே இருக்கிறது. எதை எங்கே வைப்பது என்று எழுது.

இன்னொரு விவரம். முன்னறை தவிர ஒரு சின்ன அறை இருக்கிறது. ஜன்னல் உண்டு. அதில் எதுவும் வைக்கவில்லை. இதை விவரத்துக்காகத்தான் எழுதுகிறேன். உன்னிடம் நான் எதுவும் கேட்கவில்லை என்பதைக் கவனி. உன்னிடம் கேட்பது ஆபத்து. நீ ஒன்றை வேண்டாம் என்றால் ஆயுசுக்கும் வேண்டாம்தான். சின்ன வயதில் கடையில் நின்று குடை வேண்டாம் என்று சொன்னவள், இன்றுவரை நனைந்துகொண்டு போகிறாய். ஆகவே கேட்கவில்லை.

உன் தம்பி

பிப்ரவரி 17

அன்புத் தம்பிக்கு ஆசிகள்.

நான் நலம். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

கவரைப் பார்த்ததும் யாரோ சின்னப் பிள்ளை அனுப்பிய வாழ்த்து என்று நினைத்தேன். படிக்க ஒரு மத்தியானம் ஆயிற்று. மருமகள் எட்டிப் பார்த்து, "மாமாவே எழுதினதா? நெஜமாவா அத்தை?" என்றாள். "அதுல என்ன அதிசயம்" என்று சொல்லிவிட்டு, தையல் மெஷின் டிராயரில் வைத்துப் பூட்டினேன். பிறகு பலமுறை திறந்து பார்த்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

நடு வீட்டில் சாமானைப் போட்டுக்கொண்டு தூங்குகிறாயா? வெட்கமாக இல்லை? பீரோவை வாசல் கதவுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி வை. வருகிறவன் கண்ணில் முதலில் பீரோ படக்கூடாது. கட்டிலை அதற்கு எதிர்ச் சுவரில் போடு. பாத்திரத்தை மூட்டையிலிருந்து எடு. அவை மூச்சு விட வேண்டும்.

அந்தச் சின்ன அறை ஜன்னல் எந்தப் பக்கம்? காலை வெளிச்சமா, சாயங்கால வெளிச்சமா? ஜன்னலுக்குக் கீழே எவ்வளவு இடம் இருக்கிறது? குளியலறைப் படி உயரமா? நானும் விவரத்துக்காகத்தான் கேட்கிறேன்.

இங்கே எல்லோரும் நலம். மகன் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறானாம். சுவரில் இருந்த படங்களை இறக்கிவிட்டார்கள்.

அக்கா

மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். இந்த வரியை டீச்சர் சொல்லிக் கொடுத்தார். சின்ன வரிதான், ஆனால் எழுதினதும் கடிதத்துக்கு ஒரு கௌரவம் வந்துவிடுகிறது பார்.

நீ சொன்னபடி பீரோவைக் கதவுக்குப் பின்னால் வைத்தேன். இப்போது வாசல் கதவு பாதிதான் திறக்கிறது. நான் பக்கவாட்டில் நுழைந்து பழகிவிட்டேன். சிலிண்டர் கொண்டு வந்தவரால் முடியவில்லை. "தாத்தா, சிலிண்டர் உள்ள வரணுமா, இல்ல மாடிப்படியிலயே சமைச்சுக்கறீங்களா?" என்று கேட்டார். பீரோவை நகர்த்தி, சிலிண்டரை வாங்கி, மறுபடி நீ சொன்ன இடத்திலேயே வைத்தேன். அக்கா சொன்ன இடம் அல்லவா?

கீழ் வீட்டில் ஒரு நர்ஸம்மா இருக்கிறாள். இரவு வேலைக்குப் போய்விட்டுப் பகலில் தூங்குகிறவள். பீரோ நகரும்போது கீழேயிருந்து துடைப்பக் கட்டையால் டொக் டொக் என்று இடித்தாள். நானும் மரியாதைக்கு ஒருமுறை தரையில் தட்டினேன். அது தவறு என்று அப்புறம் படியில் பார்த்தபோது சொன்னாள்.

சின்ன அறைக்குக் காலை வெளிச்சம். வெயில் தரையில் பாய் விரித்த மாதிரி கிடக்கிறது. ஜன்னலுக்குக் கீழே ஒரு தையல் மெஷினும் ஒரு முக்காலியும் தாராளமாகப் போடலாம். மெஷின் என்று எழுதியது அளவு புரிவதற்காக. குளியலறைக்குப் படியே கிடையாது.

உன் தம்பி

மார்ச் 15

அன்புத் தம்பிக்கு ஆசிகள்.

நலம். கதவு உள்பக்கம் திறக்கும் என்று நீ எழுதவேயில்லை. எழுதாமல் விட்டுவிட்டு என்மேல் பழி போடுகிறாய். பீரோவை எடுத்துக் கட்டில் இருக்கிற இடத்தில் வை. கட்டிலை ஜன்னலோரம் போடு. முன்னறை ஜன்னலைச் சொல்கிறேன். சின்ன அறையைத் தொடாதே.

தொடாதே என்றால் தூசி வராமல் பார்த்துக்கொள் என்று அர்த்தம்.

இங்கே பெயின்ட் வேலை முன்னேற்பாடு நடக்கிறது. மெஷினைப் படிக்கட்டுக்குக் கீழே தள்ளியிருக்கிறார்கள், பெயின்ட் படக்கூடாதாம். ஃபேனை இறக்கியாயிற்று. பாதிப் பாத்திரம் அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டது. உட்கார இடமில்லாமல் சமையல் மேடையில் வைத்து எழுதுகிறேன். சாயங்காலமானால் மகனும் மருமகளும் மூலையில் நின்று மெதுவாகப் பேசிக்கொள்கிறார்கள். எனக்குக் காது கேட்காது என்பதை மறந்து, பாவம், குரலை வேறு தாழ்த்துகிறார்கள்.

எல்லோரும் நலம்.

அக்கா

மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். ஆவல் என்பதை இந்தத் தடவை நிஜமாகவே எழுதுகிறேன்.

பீரோ இடம் மாறிவிட்டது. நர்ஸம்மா கதவைத் தட்டி, தூக்கக் கலக்கத்தோடே சொன்னாள்: "தாத்தா, போன வாரம் உங்க பீரோ கதவோரம் நின்னுச்சு. இப்ப நேரா என் தலைக்கு மேல நிக்குது. நான் மேல வராமலே சொல்லுவேன்." கெட்டிக்காரி. எங்கள் தொழிலுக்கு வந்திருந்தால் முன்னுக்கு வந்திருப்பாள்.

பெயின்ட் அடிக்க ஃபேனை இறக்குவதை நான் பார்த்ததில்லை. துணி போட்டு மூடித்தான் பார்த்திருக்கிறேன். பாத்திரத்தை அட்டைப்பெட்டியில் கட்டச் சொல்லும் பெயின்டரையும் பார்த்ததில்லை. உங்களுக்கு ரொம்பச் சுத்தமான ஆள் கிடைத்திருக்கிறார் போல.

என்ன நிறம் அடிக்கிறார்கள்? ஒரே ஒரு வரி எழுது.

உன் தம்பி

ஏப்ரல் 4

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

உங்களுக்கு என்னைத் தெரியாது. உங்கள் தம்பியின் பீரோவுக்குக் கீழே குடியிருக்கிறேன்.

அவர் தபாலில் போடச் சொல்லிக் கொடுத்த கவரிலிருந்து முகவரி எடுத்தேன், மன்னிக்கவும். நான் ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்க்கிறேன். உங்கள் கடிதம் வருகிற நாளெல்லாம் என் மேற்கூரை அதிர்கிறது. பீரோவைத் தயவுசெய்து ஓரிடத்தில் நிற்கவிடுங்கள்.

சண்டை போடத்தான் மேலே போனேன். தாத்தா சின்ன அறையைத் தண்ணீர் விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு சாமான்கூட இல்லை. "இவ்ளோ எடம் சும்மா கெடக்கு, பீரோவ இதுக்குள்ள தள்ளிட்டா பிரச்சனை முடிஞ்சுதே" என்றேன். "இது ஆளு இருக்கற ரூம்மா" என்றார். "யாரு இருக்கா?" என்றேன். "இன்னும் வரல" என்றார். சொல்லிவிட்டு மறுபடி துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே துடைத்த இடத்தையே துடைத்தார். சண்டை போட வந்ததை மறந்து இறங்கிவிட்டேன்.

அந்த ஆள் யார் என்று எனக்குத் தெரியாது. நீங்களாக இருந்தால் சீக்கிரம் வந்துவிடுங்கள் அம்மா. நான் தூங்கி நாளாயிற்று.

இப்படிக்கு,
கீழ் வீட்டு நர்ஸ்

ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய்? பதில் வரவில்லை. நிறமும் வரவில்லை.

தினமும் கீழே போய் வாசலில் நாற்காலி போட்டு உட்காருகிறேன். தபால்காரர் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே தலையை இல்லை என்று ஆட்டுகிறார். நேற்று அவர் எதிர்ப் பக்கமாகப் போனார். என்னைப் பார்க்கப் பயந்து போகிறார் என்று நர்ஸம்மா சொல்கிறாள். அவள் உனக்கு எழுதியதையும் நேற்றுதான் ஒத்துக்கொண்டாள். என்ன எழுதினாய் என்று கேட்டால் சொல்ல மறுக்கிறாள். அவள் என்ன எழுதியிருந்தாலும் பீரோ விஷயம் மட்டும் உண்மை. மீதியை நம்பாதே.

கோபமா? உடம்பு சரியில்லையா?

பொறுக்க முடியாமல் போன் செய்தேன். உன் மகன் எடுத்தான். "அம்மா நல்லாருக்காங்க மாமா, கொஞ்சம் வேலையா இருக்காங்க" என்றான். அவனுக்குப் பின்னால் யாரோ கர்ரென்று டேப் கிழித்து அட்டைப்பெட்டி ஒட்டுகிற சத்தம் கேட்டது. எத்தனை வீட்டு நடுவில் நின்று கேட்ட சத்தம் அக்கா அது. போனை வைத்த பிறகும் காதில் கர்ரென்றுகொண்டே இருந்தது.

இனி நான் பெயின்ட் பற்றிக் கேட்கமாட்டேன். நலம் என்று மட்டுமாவது எழுது.

உன் தம்பி

மே 9

அன்புத் தம்பிக்கு ஆசிகள்.

உடம்பு நன்றாக இருக்கிறது. நிறம் கேட்டிருந்தாய். வெள்ளை. அடுத்துக் குடிவருகிறவர்கள் கேட்ட நிறம்.

மகனுக்கு வேறு ஊருக்கு மாற்றல். கம்பெனி கொடுக்கிற வீட்டில் ஒரே படுக்கையறை. ஆகவே நான் பாதி வருடம் அவனிடமும் பாதி வருடம் மகளிடமும் இருப்பதாகப் பேசி வைத்திருக்கிறார்கள். தப்பாக நினைக்காதே, அன்பாகத்தான் சொன்னார்கள். சொல்லும்போது மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது, நான்தான் தண்ணீர் கொடுத்தேன். மெஷினை மட்டும் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். "இதத் தூக்கிட்டு எங்க எங்கன்னு அலைவீங்க அத்தை?" என்றாள். கேட்டதில் நியாயம் இருக்கிறது. நான் போய் மெஷினுக்கு எண்ணெய் விட்டேன்.

நான் இன்னும் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உனக்கும் அதனால்தான் எழுதவில்லை. பலமுறை பேனாவை எடுத்தேன்.

நர்ஸ் பெண் எழுதியதைப் படித்தேன். மீதியை நம்பாதே என்று நீ எழுதியதையும் படித்தேன்.

ஒன்று சொல்கிறேன், கவனமாகக் கேள். நீ என்னிடம் ஒன்றும் கேட்காதே. "வந்துடறியா அக்கா?" என்று யாராவது கேட்டால் என் வாய் பழக்கதோஷத்தில் வேண்டாம் என்று சொல்லிவிடும். சொன்ன பிறகு என்னால் மாற்றிச் சொல்ல முடியாது. நான் அப்படியே பிறந்துவிட்டேன். இந்த வயதில் என் வாயை நானே நம்பமாட்டேன் என்கிறேன்.

வீடு காலி செய்வது இருபத்தைந்தாம் தேதி.

அக்கா

மே 13

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

இருபத்தைந்தாம் தேதி காலையில் பழைய கூட்டாளியின் சின்ன லாரியோடு வருகிறேன். மெஷினை முதலில் ஏற்றவா, டிரங்குப் பெட்டியை முதலில் ஏற்றவா?

அடுக்குவதற்குத் தெரிய வேண்டும். உடனே பதில் போடு. வேறு எதுவும் கேட்கவில்லை.

உன் தம்பி

மே 18

அன்புத் தம்பிக்கு ஆசிகள்.

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதத்தை வீட்டில் எல்லோரும் படித்தார்கள். நாலு வரியை ஒளித்து வைப்பதற்குள் படித்துவிடுகிறார்கள்.

என்னிடமே தொழில் வித்தையைக் காட்டுகிறாயா? வாசற்படியில் உட்கார்ந்து நகரமாட்டேன் என்று அழுகிற அம்மாக்களிடம் "கெளம்பலாமா?" என்று கேட்கவே கூடாது, "எதம்மா மொதல்ல ஏத்தறது?" என்று கேட்க வேண்டும், அவர்களையும் அறியாமல் கை நீட்டிவிடுவார்கள் என்று நீதானே சொல்லிச் சிரிப்பாய்? எனக்குக் காதுதான் மந்தம். நான் வாசற்படியில் உட்காரவும் இல்லை, அழவும் இல்லை.

மெஷினை முதலில் ஏற்று.

தலையைத் தனியாகக் கழற்றி என் பழைய போர்வையில் சுற்று. படுக்கப் போடாதே, எண்ணெய் இறங்கிவிடும். பெல்ட்டை நான் கையில் எடுத்துக்கொள்கிறேன். உன் ஆட்கள் யாரும் அதன்மேல் உட்கார்ந்து டீ குடிக்கக்கூடாது. டிரங்குப் பெட்டி இரண்டாவது. கட்டில் மகளுக்கு.

மகன் மூன்று நாளாகப் பின்னாலேயே வந்து, "எங்கதாம்மா போறீங்க? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்கிறான். "லாரில போறேன்" என்று சொல்லியிருக்கிறேன். அவன் மனைவியைப் பார்த்துச் சிரித்தான். பிறகு போய் மெஷின் சக்கரத்தைத் துடைத்து வைத்தான்.

முன்சீட் எனக்கு. ஜன்னலோரம்.

அக்கா

ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமா? காலையில் நீ இருமினது சுவர் வழியாகக் கேட்டது. இருந்தாலும் கடிதத்தில் கேட்டு எழுதுவதுதான் முறை.

பக்கத்து அறையில் இருப்பவளுக்கு எதற்குக் கடிதம் என்று திட்டாதே. நீ வந்ததிலிருந்து எனக்கு ஒரு கடிதம்கூட வரவில்லை. எழுதவும் ஆள் இல்லை. வகுப்பில் டீச்சர், "இப்ப யாருக்குத் தாத்தா எழுதறீங்க?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை பாடுபட்டுக் கற்றுக்கொண்டு, எழுத இருந்த ஒரே ஆளை நானே லாரி வைத்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இப்படி ஒரு முட்டாளை எங்கேயாவது பார்த்திருக்கிறாயா?

இரண்டு குறைகள் சொல்ல வேண்டும். ஒன்று, நர்ஸம்மாவின் சீருடையைச் சுருக்கித் தைத்துக் கொடுத்து அவளை உன் பக்கம் இழுத்துவிட்டாய். பகல் முழுக்க மெஷின் கடகடக்கிறது. துடைப்பக் கட்டைச் சத்தமே இல்லை. கேட்டால், "அது தாலாட்டு மாதிரி இருக்கு தாத்தா" என்கிறாள். இரண்டு, என் சட்டைகளை எல்லாம் எங்கே வைத்தாய்? இரண்டு நாளாகத் தேடுகிறேன், கேட்கப் பயமாக இருக்கிறது.

இன்னொன்று. நீ வந்த அன்று சின்ன அறை வாசலில் ரொம்ப நேரம் நின்றாய். ஏதாவது சொல்வாய் என்று மெஷின் தலையைச் சுமந்துகொண்டு பின்னால் நின்றேன். கடைசியில், "ஜன்னல் கம்பில தூசி" என்றாய். நானும், "தொடைக்கறேன்" என்றேன். அன்று நான் சொல்ல நினைத்தது அது இல்லை. நீ வந்தது எனக்கு ரொம்ப ரொம்பச் சந்தோஷம் அக்கா. இதை நேரில் சொன்னால், "சரி சரி, டீ ஆறுது" என்பாய். எழுத்தில் சொன்னால் நடுவில் புகுந்து பேச முடியாது. எழுதப் படிக்கத் தெரிந்தால் என்ன பிரயோசனம் என்று கூட்டாளிகள் கேட்கும்போது இனி இதைத்தான் சொல்லப் போகிறேன்.

நேற்றே தபால்காரரிடம் விஷயத்தைச் சொல்லிவைத்தேன். "இதே அட்ரஸ்லேருந்து இதே அட்ரஸுக்கா? நடுவுல நான் எதுக்கு தாத்தா?" என்றார். அவருக்கு எங்கே புரியும்? ஆயுசு முழுக்க நான் மாடி ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தவன். எனக்கென்று ஒருவர் மூன்று மாடி ஏறி வந்து நீட்ட, உட்கார்ந்த இடத்தில் வாங்க வேண்டும். ஆகவே பதிலைத் தபாலில் போடு. கதவைத் திறந்து கையில் கொடுத்துவிடாதே.

நீ பதில் போட்டாலும் போடாவிட்டாலும் அடுத்த வாரம் நான் எழுதுவேன். அதற்குள் சட்டையைப் பற்றி மட்டும் வாயால் சொல்லிவிடு.

பக்கத்து அறையிலிருந்து,
உன் தம்பி